எத்திசையும் உருளும் சில்லு

தேரோட்டம் கண்டவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். நேர் வீதியிலே வடம் பிடித்தோரின் இழுப்புக்கு இசைந்து உருண்டு வந்த தேர், வீதியின் மூலையை அடைந்ததும் நின்றுவிடுகின்றது. உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகின்றது. கட்டை கொடுப்பவர்கள் முன்னே வருகிறார்கள். ஒரு பக்கத்துச் சில்லைத் தடுத்து, மறு பக்கத்துச் சில்லை ஓடவிட்டு, சிறிது சிறிதாகத் தேரைத் திருப்புகிறார்கள். சில்லுகள் உருளாமல் பக்கவாட்டில் அரைபட்டு நகர்கின்றன. தரையிலே தழும்பு விழுகின்றது. நீண்ட வீதியை எளிதாகக் கடந்துவிட்ட தேர், ஒரு மூலையைக் கடப்பதற்குள் எல்லோரையும் வியர்க்கச் செய்துவிடுகின்றது.

நேயர்களே, இந்தத் தொல்லைக்குக் காரணம் இழுப்பவர்களின் குறையும் அன்று, தேரைச் செய்த தச்சரின் குறையும் அன்று. அது சில்லின் பிறவிக்குணம். சில்லானது தான் பார்க்கும் திசையில் மிக எளிதாக உருளும். அதற்குக் குறுக்கான திசையில் நகர மறுக்கும். இந்த மறுப்பு இல்லாவிட்டால் வளைவிலே செல்லும் வண்டி தெருவைவிட்டு வழுக்கி வெளியே போய்விடும். ஆகவே அந்தப் பிடிவாதம் நமக்கு வேண்டியதே. ஆயினும், நின்ற இடத்திலிருந்து பக்கவாட்டில் ஒரு முழம் நகரவேண்டும் என்ற நிலை வரும்போது, அதே பிடிவாதம் நமக்கு எதிரியாகிவிடுகின்றது.

இந்த எதிரியை வெல்வதற்குப் பள்ளி மாணாக்கரும் பல்கலைக்கழக மாணாக்கரும் செய்துவரும் முயற்சிகளைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். உலகின் பல நாடுகளில் மாணாக்கர் தாமே ரோபோக்களைக் கட்டிப் போட்டிக் களத்தில் இறக்குகின்றனர். அந்த யந்திரங்களில் பார்ப்பவரின் கண்ணைக் கவர்வது பொருளைப் பற்றும் கையோ, பந்தை எறியும் பொறியோதான். ஆனால் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அடியிலே மறைந்து கிடக்கும் ஒரு பகுதி. மோட்டாரின் சுழற்சியைத் தரைக்குக் கொண்டு சேர்த்து யந்திரத்தை நகரச் செய்யும் அந்தப் பகுதியை நாம் ஓட்ட அமைப்பு என்று சொல்வோம். நகர முடியாத யந்திரத்துக்கு எத்தனை கைகள் இருந்தும் பயன் என்ன?

முதலிலே களத்தைத் தெரிந்துகொள்வோம். ஐக்கிய அமெரிக்காவிலே டீன் கேமன் என்ற பொறியியல் அறிஞர் 1989 ஆம் ஆண்டில் 'பெர்ஸ்ட்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலே தம் மாணாக்கருக்கு யந்திரம் கட்டும் போட்டிகளை நடத்திப் புகழ் பெற்ற பேராசிரியர் வூடி பிளவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். 1992 இல் நியூ ஹம்சயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரில், ஒரு பாடசாலையின் விளையாட்டு மண்டபத்தில், 28 அணிகளுடன் முதற் போட்டி நடந்தது. இன்று அப்போட்டியில் பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான அணிகள் பங்குபற்றுகின்றன. களம் நெடுங்காலமாக ஏறத்தாழ 54 அடி நீளமும் 27 அடி அகலமும் கொண்டதாக இருந்தது, கம்பளம் விரிக்கப்பட்டது. ரோபோவின் நிறைக்கு நெடுங்காலமாக 120 இறாத்தலை அண்டிய வரம்பு இருந்துவருகின்றது. ஓர் ஆட்டம் ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆண்டுதோறும் விளையாட்டு மாறும், விதிகளும் மாறும். 2019 ஆம் ஆண்டுவரை, விதிகள் வெளியான நாளிலிருந்து ஏறத்தாழ ஆறு வாரத்துக்குள் யந்திரத்தைக் கட்டி முடித்து முத்திரையிட்டுவிட வேண்டும் என்ற கட்டுப்பாடும் இருந்தது.

ஆறு வாரம், இரண்டரை நிமிடம், 120 இறாத்தல். இம்மூன்று எண்களையும் நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றேன். புதுமையான ஓட்ட அமைப்புகள் எல்லாம் நெடுங்காலம் இம்மூன்று எண்களின் முன்னேதான் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

வழக்கமான அமைப்பு மிக எளிமையானது. இடப் பக்கத்துச் சில்லுகளை ஒரு தொகுதி மோட்டார்களும் வலப் பக்கத்துச் சில்லுகளை மற்றொரு தொகுதி மோட்டார்களும் ஓட்டும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஓடினால் யந்திரம் நேரே செல்லும். ஒரு பக்கம் விரைந்தால் மறுபக்கம் திரும்பும். ஒரு பக்கம் முன்னும் மறுபக்கம் பின்னும் ஓடினால் நின்ற இடத்திலேயே சுழலும். போர்க்களத்துத் தாங்கி திரும்பும் முறை இதுவே. ஆனால் நான்கு மூலைகளிலும் நல்ல இறப்பர்ச் சில்லுகளைப் பூட்டி இம்முறையிலே திருப்பிப் பார்த்தால், நமது தேரின் கதை மீண்டும் தொடங்கிவிடும். மூலையிலுள்ள ஒவ்வொரு சில்லும் உருள்வதோடு பக்கவாட்டில் அரைபடவும் வேண்டும். யந்திரத்தின் நீளம் அகலத்தை விஞ்ச விஞ்ச இந்த அரைப்பு வலுக்கும். மோட்டார் சூடேறும், மின்கலம் விரைவிலே இளைக்கும், யந்திரம் திக்கித் திக்கித் திரும்பும்.

இதற்கு மாணாக்கர் கண்ட முதற் பரிகாரம் எளிமையினாலேயே அழகு பெற்றது. நான்குக்குப் பதிலாக ஆறு சில்லுகள் பூட்டினார்கள். நடுவிலுள்ள இரண்டையும் மற்றவற்றிலும் சிறிது தாழ்த்தினார்கள். எவ்வளவு தாழ்த்தினார்கள் தெரியுமா? ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுதான். அதனால் எந்த நேரத்திலும் நடுச் சில்லுகளும், முன்னிரண்டு அல்லது பின்னிரண்டு சில்லுகளுமே தரையை அழுத்துகின்றன. ஆறு சில்லுகள் இருந்தும் யந்திரம் நான்கிலே நிற்கின்றது. அந்த நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கியவை. நீண்ட யந்திரம் குறுகிய யந்திரத்தைப் போல எளிதாகத் திரும்புகின்றது. புதிய மோட்டார் இல்லை, புதிய கருவி இல்லை. துளையிடும் இடத்தைச் சிறிது மாற்றியதே முழு வேலையும். ஒரு காலத்திலே புதுமையாகக் கருதப்பட்ட இந்த உபாயம் பின்னர் பொது வழக்கமாயிற்று.

ஆயினும் இது திரும்புவதை எளிதாக்கியதேயன்றிப் பக்கவாட்டில் செல்லும் வல்லமையைத் தரவில்லை. இரண்டு வண்டிகளுக்கு இடையே உள்ள சிறிய இடைவெளியில் மோட்டார் வண்டியை நிறுத்த முயன்றவர்களுக்கு இந்தக் குறை நன்கு விளங்கும். முன்னே போய், பின்னே வந்து, ஒடித்து, நிமிர்த்தி, மீண்டும் ஒடித்து நுழைய வேண்டும். வண்டி அப்படியே பக்கவாட்டில் நகர்ந்துவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அப்போது எண்ணாதவர் யார்?

அந்த எண்ணத்துக்கு ஒரு விடை மிகப் பழையது. 1919 ஆம் ஆண்டிலேயே கிராபோவீக்கி என்பவர் ஐக்கிய அமெரிக்காவில் ஒரு சில்லுக்குக் காப்புரிமை பெற்றார். சில்லின் விளிம்பைச் சுற்றிலும் சிறிய உருளைகள் பூட்டப்பட்டிருக்கும். சில்லு சுழலும்போது அது வழக்கம்போல முன்னே செல்லும். பக்கத்திலிருந்து தள்ளினாலோ, தரையிலே படிந்திருக்கும் சிற்றுருளை சுழன்று வழிவிடும். இன்று ஓம்னிச் சில்லு என்று வழங்குவது இந்த இனத்தைச் சேர்ந்ததே. மாணாக்கர் இத்தகைய மூன்று சில்லுகளை ஒன்றுக்கொன்று 120 பாகை கோணத்தில் முக்கோணமாகப் பூட்டுகின்றனர். ஒரு சில்லு பார்க்கும் திசையிலே யந்திரம் செல்லவேண்டுமானால், அந்தச் சில்லு முழு வேகத்தில் சுழலும்; மற்ற இரண்டும் பாதி வேகத்தில் எதிர்ப்புறமாகச் சுழலும். மூன்றின் வேகங்களையும் வேண்டியவாறு கலந்தால், யந்திரம் எத்திசையிலும் செல்லும். செல்லும்போதே சுழலவும் செய்யும். ரோபோக்களின் காற்பந்தாட்டப் போட்டிகளிலே சிறிய யந்திரங்கள் பந்தைச் சுற்றி விரைந்து வட்டமிடுவது இந்த வித்தையினாலேதான்.

மற்றொரு விடை சுவீடனிலிருந்து வந்தது. மெக்கானம் என்ற நிறுவனத்தில் பணியாற்றிய பெங்ற் இலொன் என்ற பொறியியலாளர் 1970களின் தொடக்கத்தில் ஒரு புதுச் சில்லை வகுத்தார். 1975 இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. இங்கும் விளிம்பிலே உருளைகள் உண்டு. ஆனால் அவை 45 பாகை சாய்வாகப் பூட்டப்பட்டவை. இந்தச் சாய்வினால் சில்லு முன்னோக்கிச் சுழன்றாலும் தரையைக் கோணலாகவே தள்ளுகின்றது. நான்கு சில்லுகளும் முன்னோக்கிச் சுழன்றால், பக்கவாட்டுத் தள்ளுகைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, யந்திரம் நேரே செல்லும். முன் இடச் சில்லும் பின் வலச் சில்லும் முன்னோக்கியும், மற்ற இரண்டும் பின்னோக்கியும் சுழன்றாலோ, முன்பின் தள்ளுகைகள் அழிந்து, பக்கவாட்டுத் தள்ளுகைகள் மட்டும் எஞ்சும். யந்திரம் நண்டைப்போல வலப்பக்கம் நகரும். முதன்முறை காண்பவருக்கு இது கண்கட்டு வித்தை போலத் தோன்றும். சில்லுகள் முன்னும் பின்னுமாகச் சுழல்கின்றன. யந்திரமோ பக்கத்திலே போகின்றது!

இவ்வளவு நல்ல சில்லை எல்லோரும் ஏன் பூட்டவில்லை என்று நேயர்கள் கேட்கலாம். இங்கேதான் கணக்கு வருகின்றது.

120 இறாத்தல் நிறையுள்ள ஒரு யந்திரத்தை எடுத்துக்கொள்வோம். கம்பளத்துக்கும் இறப்பர்ச் சில்லுக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 1 என்று வைத்துக்கொண்டால், அந்த யந்திரம் எதிரியைத் தள்ளக்கூடிய உச்ச விசை 120 இறாத்தல். எத்தனை மோட்டார்களை ஏற்றினாலும் அதற்கு மேலே ஓர் இறாத்தலும் கிடையாது. சில்லு நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும். இனி அதே யந்திரத்துக்கு 45 பாகைச் சாய்வுள்ள மெக்கானம் சில்லைப் பூட்டுவோம். உருளை சுழன்று வழிவிடுவதால், தரையை அழுத்திப் பிடிக்கும் விசை உருளையின் அச்சு வழியாக மட்டுமே செல்ல முடியும். அந்தக் கோணல் விசையிலே முன்னோக்கிய பங்கு நூற்றுக்கு 71 வீதமே. ஆகவே 120 இறாத்தல் ஏறத்தாழ 85 ஆகக் குறைந்துவிடுகின்றது. இறப்பர்ச் சில்லுள்ள எதிரி நேருக்கு நேர் வந்து முட்டினால், நமது யந்திரம் பின்னே தள்ளப்படும். நான்கு ஓம்னிச் சில்லுகளை மூலைக்கு மூலை 45 பாகையில் பூட்டினாலும் இதே கணக்குத்தான். ஆனால் அங்கே ஒரு கைம்மாறு உண்டு. விசையிலே நூற்றுக்கு 29 இழந்த யந்திரம், சில்லின் வேகத்தைவிட நூற்றுக்கு 41 வீதம் கூடுதலான வேகத்தில் ஓடும். இயற்கை ஒரு கையாலே எடுத்ததை மறு கையாலே கொடுக்கின்றது. இலவசமாக எதையும் தருவதில்லை.

மெக்கானத்துக்கு மற்றொரு குறையும் உண்டு. நான்கு சில்லுகளும் தரையை ஒத்த அளவில் அழுத்த வேண்டும். களத்திலுள்ள மேட்டிலோ வடத்திலோ ஒரு சில்லு ஏறி, மற்றொன்று அந்தரத்தில் நின்றுவிட்டால், பக்கவாட்டுத் தள்ளுகைகளின் சமநிலை குலையும். நேரே செல்ல எண்ணிய யந்திரம் ஒரு பக்கமாக இழுபடும். கட்டியவர்கள் தங்கள் கட்டளையிலே பிழை இருக்கின்றதென்று கணினியைத் துருவிக்கொண்டிருப்பார்கள். பிழையோ சட்டத்தின் ஒரு மூலை சற்றே உயர்ந்திருப்பதிலே இருக்கும்.

இரண்டு நன்மைகளையும் ஒருங்கே பெறமுடியாதா என்று எண்ணியவர்களும் உண்டு. பிடிப்புள்ள சில்லு ஒரு தொகுதி, எத்திசையும் செல்லும் சில்லு ஒரு தொகுதி. இரண்டையும் ஒரே யந்திரத்திலே பூட்டி, காற்றழுத்த உருளைகளினால் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவது என்று அவர்கள் திட்டமிட்டார்கள். தள்ளவேண்டிய போது இறப்பர் இறங்கும். நழுவவேண்டிய போது உருளைச் சில்லு இறங்கும். 2010 ஆம் ஆண்டிலே டெக்சாஸ் மாநிலத்து 148 ஆம் இலக்க அணி கட்டிய யந்திரத்தில் ஒன்பது சில்லுகள் இருந்தன. நான்கு பிடிப்புக்கு, நான்கு நழுவலுக்கு, ஒன்பதாவது, வயிற்றின் கீழே குறுக்காக நின்று பக்கவாட்டிலே தள்ளுவதற்கு. எண்ணம் சிறந்தது. ஆனால் ஒவ்வொரு சில்லுக்கும் அச்சு வேண்டும், சங்கிலி அல்லது பற்சில்லு வேண்டும், உயர்த்தும் பொறி வேண்டும். இவையெல்லாம் நிறையிலே சேரும். ஆறு வாரத்திலே நாட்களைத் தின்னும். பழுதுபடக்கூடிய இடங்களைப் பெருக்கும். கைதேர்ந்த அணிக்கு அது வெற்றி வழி. அனுபவமற்ற அணி அதைப் பார்த்து அப்படியே செய்யப் புகுந்தால், கடைசி வாரத்திலே ஒன்பது சில்லுகளும் பூட்டப்பட்ட, ஆனால் ஓடாத ஒரு யந்திரத்தின் முன்னே நிற்க நேரும்.

இனி, இந்தத் துறையிலே நடந்த பெரிய மாற்றத்துக்கு வருவோம். சில்லிலே உருளைகளைப் பூட்டி அதன் பிடிவாதத்தைத் தளர்த்துவது ஒரு வழி. சில்லைச் சாதாரண இறப்பர்ச் சில்லாகவே விட்டுவிட்டு, ஒவ்வொரு சில்லையும் வேண்டிய திசைக்குத் திருப்பிவிடுவது மற்றொரு வழி. நாற்காலியின் கால்களிலுள்ள சுழல் சில்லுகளை நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றை ஒரு மோட்டார் திருப்பவும் மற்றொரு மோட்டார் ஓட்டவும் செய்தால் எப்படியிருக்கும்? இந்த அமைப்பைப் போட்டியாளர்கள் 'சுவேர்வ்' என்கிறார்கள். பிடிப்பிலே ஒன்றும் இழக்காமல் எத்திசையும் செல்லலாம். 120 இறாத்தல் 120 ஆகவே நிற்கும்.

1990களின் பிற்பகுதியிலேயே சில அணிகள் இதைக் கட்டத் தொடங்கிவிட்டன. ஆனால் அன்று அது துணிந்தவர்களுக்கே உரிய பாதையாக இருந்தது. நான்கு சில்லுக்கும் சேர்த்து எட்டு மோட்டார்கள் வேண்டும். சில்லோடு சேர்ந்து ஓட்டும் மோட்டாரும் திரும்பினால் மின்கம்பிகள் முறுக்கிக்கொண்டு அறுந்துபோகும். அதைத் தவிர்க்க, மோட்டாரை மேலே அசையாமல் நிறுத்தி, திரும்பும் அச்சின் நடுவழியே சுழற்சியை இறக்கி, கூம்புப் பற்சில்லுகளினால் சில்லுக்குக் கொடுக்க வேண்டும். இவ்வேலைக்கு நுட்பமான கடைசற் பொறிகள் வேண்டும். நான்கு சில்லுகளும் ஒவ்வொரு கணமும் எத்திசையைப் பார்க்கின்றன என்று அறியும் உணரிகள் வேண்டும். ஒரு சில்லு மட்டும் தவறான திசையைப் பார்த்தால், மற்ற மூன்றும் அதனோடு மல்லுக்கட்டும். தொடக்ககாலத்து அணிகள் பல, சங்கிலியினால் சில்லுகளைப் பிணைத்து எல்லாவற்றையும் ஒன்றாகத் திருப்பின. அப்போது யந்திரம் எத்திசையும் நகரும். ஆனால் தன் முகத்தை எளிதிலே திருப்ப முடியாது.

அந்நாளிலே அனுபவமுள்ள வழிகாட்டிகள் புதிய அணிகளுக்குச் சொல்லிவந்த புத்திமதி ஒன்றே: அதைத் தொடாதீர்கள், ஆறு சில்லு யந்திரத்தைக் கட்டி, மிச்சமாகும் நாட்களில் ஓட்டிப் பழகுங்கள். அது நல்ல புத்திமதி; அந்நாளைய கணக்குக்குப் பொருந்திய புத்திமதி.

பின்னர் கணக்கே மாறிவிட்டது. 2019 ஆம் ஆண்டின் பருவத்திலிருந்து தூரிகையற்ற மோட்டார்கள் அப்போட்டியிலே பயன்பட்டன. நிறையில் குறைந்து ஆற்றலில் மிகுந்த அவை வந்ததும், எட்டு மோட்டார்கள் என்பது சுமக்க முடியாத சுமையாக இல்லாது போயிற்று. அதே காலத்திலே, சில்லும் பற்சில்லும் உணரியும் ஒருங்கே பூட்டப்பட்ட ஆயத்தத் தொகுதிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றை இயக்கும் கணினிக் கட்டளைகளும் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்தன. 2020களின் முற்பகுதிக்குள், ஒரு காலத்திலே அரிய விசித்திரமாயிருந்த சுவேர்வ், முன்னணி அணிகளின் வழக்கமான அமைப்பாகிவிட்டது. பௌதிக விதி ஒன்றும் மாறவில்லை. மாறியது விலையும் நிறையும் உழைப்பு நாளுமே.

இந்த மாற்றத்தினால் ஒரு விவாதமும் எழுந்தது. கடையிலே வாங்கிப் பூட்டும் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும் என்று சிலர் கேட்டார்கள். வசதியுள்ள அணி வாங்கும், வசதியற்ற அணி என்ன செய்யும் என்று வேறு சிலர் கேட்டார்கள். முதற் கேள்விக்கு விடை உண்டு: நூல் நூற்றவனேதான் துணியும் நெய்யவேண்டும் என்ற விதி இல்லை. வாங்கிய தொகுதியை வைத்துக்கொண்டு, நான்கு சில்லின் கோணத்தையும் வேகத்தையும் கணித்து, ஆட்டத்தின் தொடக்கத்திலே மனிதர் கைபடாமல் தானே வழிதேடி ஓடச் செய்யும் பிள்ளை, திசையன் கணிதத்தைப் பாடப் புத்தகத்திலே படித்தவனைவிட ஆழமாகவே கற்றிருக்கும். இரண்டாவது கேள்விக்கு அத்தனை எளிய விடை இல்லை. பணம் குறைந்த பாடசாலையின் ஆறு சில்லு யந்திரம், பணம் மிகுந்த பாடசாலையின் சுவேர்வ் யந்திரத்தைத் தன் ஓட்டுநரின் பழக்கத்தினால் வெல்லும் ஆட்டங்கள் உண்டு. ஆனால் அதைச் சொல்லி வேற்றுமையை மறைத்துவிட முடியாது. போட்டி அமைப்போர் ஆண்டுதோறும் சிந்திக்க வேண்டிய கேள்வி அது.

விதிகளை மாற்றியே வழக்கமான அமைப்புகளைப் பயனற்றவையாக்கிய ஆண்டுகளும் உண்டு. 2009 ஆம் ஆண்டு, சந்திரனிலே மனிதன் இறங்கிய நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, பெர்ஸ்ட் போட்டியிலே கம்பளத்துக்குப் பதிலாக வழுவழுப்பான தரை விரிக்கப்பட்டது. கடினமான பிளாஸ்ரிக் சில்லுகளையே எல்லோரும் பூட்டவேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஒவ்வொரு ரோபோவும் ஒரு சிறு வண்டியைப் பின்னே இழுக்கவும் வேண்டும். ஈர்ப்பு ஆறிலொரு பங்கான சந்திரனிலே ஓடும் வண்டியின் நிலையை இது நினைவூட்டியது. அவ்வாண்டிலே வலிய மோட்டார் வீணாயிற்று. சிறிது வேகமாக முடுக்கினாலும் சில்லு வழுக்கிச் சுழலும். மெல்ல முடுக்கும் பொறுமையும், யந்திரத்தின் நிறை முழுவதையும் ஓட்டும் சில்லுகளின் மேலே கொண்டுவரும் விவேகமுமே பயன் தந்தன. விசை மோட்டாரிலே பிறந்தாலும் அதற்கு எல்லை வகுப்பது தரையே என்பதை அந்த ஓராண்டு எத்தனையோ பிள்ளைகளுக்குக் கற்பித்தது.

நமது ஆசியாவிலும் இத்தகைய களம் உண்டு. ஆசிய பசுபிக் ஒலிபரப்பாளர் சங்கம் 2002 இல் டோக்கியோவிலே தொடங்கி ஆண்டுதோறும் வெவ்வேறு நாடுகளில் நடத்திவரும் 'ரோபோகொன்' போட்டி பல்கலைக்கழக மாணாக்கருக்கு உரியது. 2016 இல் பாங்கொக் நகரிலே நடந்த போட்டியின் விதி வியப்பானது. ஒவ்வோர் அணிக்கும் இரண்டு ரோபோக்கள். அவற்றுள் ஒன்றுக்குத் தன்னை ஓட்டும் பொறியே இருத்தலாகாது. திசை திருப்பும் பொறி ஒன்று மட்டும் இருக்கலாம். மற்ற ரோபோ அதைத் தொடாமலே, காற்றினாலோ காந்தத்தினாலோ செலுத்த வேண்டும். ஓட்ட அமைப்பு யந்திரத்துக்கு வெளியே போய்விட்டது! பாய் விரித்த தோணியைப் போல, விசிறிக் காற்றை வாங்கிக்கொண்டு மேடும் வளைவும் கடந்து அந்தச் சிறு ரோபோக்கள் சென்றன.

2019 இல் மொங்கோலியாவின் உலான் பாத்தர் நகரிலே நடந்த போட்டி இன்னும் ஒரு படி மேலே சென்றது. மொங்கோலியப் பேரரசின் அஞ்சற் குதிரைகளை நினைவூட்டும் வகையில், இரண்டாவது ரோபோ நான்கு கால்களால் நடக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. தூதுவரின் அடையாளப் பட்டயத்தைச் சுமந்துகொண்டு, மணல்மேடாக அமைத்த படியைத் தாண்டி, புதர்களாகக் கட்டிய கயிறுகளைக் கடந்து, மலையாக வைத்த சரிவிலே அது ஏறவேண்டும். மனிதர் கைபடலாகாது, தானே நடக்க வேண்டும்.

சில்லை விட்டுக் காலுக்கு வந்ததும் கணக்கு முற்றும் மாறுகின்றது. நான்கு கால் யந்திரம் ஒரு காலைத் தூக்கினால் மூன்று கால்கள் தரையிலே முக்கோணமாக நிற்கும். யந்திரத்தின் ஈர்ப்பு மையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை அது விழாது. ஆனால் நடை மிக மெதுவாகும். விரைய வேண்டுமானால், மூலைக்கு மூலையாக இரண்டு கால்களை ஒன்றாகத் தூக்கிக் குதிரையின் பெருநடை போல வைக்க வேண்டும். அப்போது ஒவ்வோர் அடியிலும் யந்திரம் விழத் தொடங்குகின்றது. விழுந்து முடிவதற்குள் அடுத்த அடி வந்து தாங்க வேண்டும். காலை அசைப்பதற்கும் இரண்டு வழிகள். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு மோட்டார் வைத்துக் கணினியினால் ஆள்வது ஒன்று. மோட்டாரின் வட்டச் சுழற்சியைக் கம்பிகளின் இணைப்பினாலே பாதத்தின் நடையாக மாற்றுவது மற்றொன்று. பின்னையது புதியதன்று. உருசியக் கணித மேதை செபிசேவ் வகுத்த நடக்கும் யந்திரம் 1878 ஆம் ஆண்டிலேயே பாரிஸ் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. பாதம் தரையிலே இருக்கும் நேரமெல்லாம் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லுமாறு அவர் கம்பிகளின் நீளங்களைக் கணித்திருந்தார். அந்தப் பழைய கணக்குகள் இன்றைய மாணாக்கரின் மேசைக்கு மீண்டும் வந்திருக்கின்றன.

இன்னும் விசித்திரமானது ஒரே பந்தின்மேல் நிற்கும் யந்திரம். 2010 ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்தின் சூரிக் நகரத் தொழில்நுட்பக் கல்லூரி மாணாக்கர் அத்தகைய ஒன்றைக் கட்டினார்கள். மூன்று ஓம்னிச் சில்லுகள் பந்தை மேலிருந்து உருட்டுகின்றன. யந்திரம் தான் விழப்போகும் திசைக்குப் பந்தைச் செலுத்தித் தன்னைத் தாங்கிக்கொள்கின்றது. கழியை உள்ளங்கையிலே நிறுத்தி விளையாடும் சிறுவன் செய்வதும் இதுவே. முட்டி மோதும் களத்துக்கு அது உதவாது. மின்சாரம் நின்ற மறுகணமே சாய்ந்துவிடும். ஆனால் அதைக் கட்டியவர்கள் கட்டுப்பாட்டு இயலிலே பெற்ற பயிற்சியை எந்த வெற்றிக் கேடயமும் தந்திராது.

நேயர்களே, இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால் புலப்படுவது யாது? புதுமையான ஓட்ட அமைப்பு என்பது தன்னளவிலே சிறந்ததும் அன்று, தாழ்ந்ததும் அன்று. ஒவ்வொன்றும் ஒரு சுதந்திரத்தைத் தருகின்றது. அதற்கு ஒரு விலை கேட்கின்றது. விசையிலே கேட்கலாம், நிறையிலே கேட்கலாம், நாட்களிலே கேட்கலாம். இவ்வாண்டின் விளையாட்டிலே பக்கவாட்டில் நகரவேண்டிய தேவை எத்தனை தடவை வரும்? ஒவ்வொரு தடவையும் எத்தனை விநாடி மிச்சமாகும்? இரண்டரை நிமிடத்திலே அது எவ்வளவு? அதற்காக நாம் இழக்கும் தள்ளுகை எவ்வளவு? பழுதுபட்டால் இரண்டு ஆட்டங்களுக்கு இடையிலே திருத்தி முடிக்க நம்மால் இயலுமா? இக்கேள்விகளைக் கேட்டு விடை கண்ட பின்னர் ஆறு சில்லைத் தேர்ந்தெடுத்தாலும் அது அறிவு. சுவேர்வைத் தேர்ந்தெடுத்தாலும் அது அறிவு. கேளாமலே, சென்ற ஆண்டு வென்றவனைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எதுவாயினும் அது கண்மூடித்தனம்.

அதைவிட முக்கியமான மற்றொன்றும் உண்டு. நேற்றுப் போட்ட கணக்கை இன்றைக்கும் செல்லும் என்று நம்பியிருக்கலாகாது. அதைத் தொடாதீர்கள் என்று ஒரு காலத்திலே பெரியோர் சொன்னது சரியாகவே இருந்தது. ஆனால் காரணத்தைக் கேட்டு வைத்துக்கொண்ட மாணாக்கருக்குத்தான், அந்தக் காரணம் மறைந்த நாளும் தெரிந்தது. விடையை மட்டும் மனனம் செய்தவர்கள் பின்தங்கிவிட்டார்கள். ஆகவே போட்டி இல்லாத மாதங்களிலே, தோற்றாலும் நட்டமில்லாத வேளையிலே, பிள்ளைகள் விசித்திரமானவற்றைக் கட்டிப் பார்க்கட்டும். மரப்பலகையிலே நான்கு சில்லைப் பூட்டித் தள்ளிப் பார்க்கட்டும். எடை கட்டி இழுத்து எவ்வளவு தாங்குகின்றதென்று அளக்கட்டும். களத்திலே இறங்கும் நாளிலே, தாம் அளந்து அறிந்ததை மட்டும் இறக்கட்டும்.

அடுத்த தேர்த் திருவிழாவிலே, வீதியின் மூலையிலே தேர் நிற்கும்போது, சிறிது நெருங்கிச் சென்று பாருங்கள். கட்டை கொடுப்பவர் குனிந்து சில்லைப் பார்ப்பார், தரையைப் பார்ப்பார், வடத்தின் இழுப்பைப் பார்ப்பார், பின்னர்தான் கட்டையை வைப்பார். எந்தப் பக்கத்தைத் தடுத்தால் எந்தப் பக்கம் ஓடும், அரைப்பு எவ்வளவு வரும், எந்தக் கணத்திலே கட்டையை இழுத்துவிட வேண்டும் என்பதெல்லாம் அவர் மனத்திலே ஓடிக்கொண்டிருக்கும். ரோபோ கட்டும் பிள்ளை கற்கவேண்டிய பாடமும் அதுவே. அருகிலே ஒரு சிறுவன் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தால், தேர் ஏன் திரும்ப மறுக்கின்றது என்று அவனைக் கேட்டுப் பாருங்கள். விடையை அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிட வேண்டாம்.